இலவசப் பிரசவத்தின் கணக்கு

பி.காம். படிக்கிறவன் கையில் பேனாவும் துண்டுச் சீட்டும் கிடைத்தால் என்ன செய்வான்? கணக்குதான் எழுதுவான். போன வருடம் எங்கள் தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் அக்காவின் பிரசவத்துக்காக ஓர் இரவும் ஒரு பகலும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கு இது.

வாசலில் வாட்ச்மேன் – 50
வீல் சேர் தள்ளியவர் – 100
கையுறை, பஞ்சு, நாப்கின் (வெளிக் கடையில் வாங்கி வரச் சொன்னது) – 340
லேபர் வார்டில் துணி மாற்றிய ஆயா – 200
குழந்தையைக் காட்டியதற்கு – 500
வார்டுக்கு மாற்றியதற்கு – 150

ஆக மொத்தம் 1,340 ரூபாய். ரசீது எதற்கும் கிடையாது.

"இவ்வளவுதானா? தனியார்ல சேர்த்திருந்தா லட்ச ரூபாய் ஆகியிருக்கும்" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. எங்கள் சித்தப்பாவும் இதையேதான் சொன்னார். ஐயா, நான் ரூபாய்க்காகப் புலம்பவில்லை. அந்த ஐந்தாவது வரியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள்.

குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து, முகத்தை மட்டும் காட்டிவிட்டு, "ஆம்பளைப் புள்ளைன்னா ஆயிரம் வாங்குவோம். பொண்ணுதானே, ஐந்நூறு குடு தம்பி, போதும்" என்றார். பிறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் என் மருமகளுக்கு 50 சதவீதத் தள்ளுபடி! கொடுக்காமல் நின்று பேச வேண்டும் என்று மனசுக்குள் வீரம் வந்ததென்னவோ உண்மை. ஆனால் உள்ளே அக்கா இருக்கிறாளே. கொடுத்துவிட்டேன். இதை எழுதுகிற நானும் லஞ்சம் கொடுத்தவன்தான். அதை மறைத்துவிட்டு ஊருக்கு உபதேசம் செய்யும் எண்ணம் இல்லை.

சரி, நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. 108-க்கு போன் செய்தோம், இருபது நிமிஷத்தில் வண்டி வந்தது (இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை). லேபர் வார்டு கதவில் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். "கூட யாரும் வரக்கூடாது." அந்தக் கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில், பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் உடன் இருக்கலாம் என்று அரசாங்கம் ஒட்டிய போஸ்டர் இருந்தது. அம்மா அதைக் காட்டிக் கேட்டார். "அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கும்மா" என்று பதில் வந்தது.

அதன்பிறகு ஏழு மணி நேரம் அக்கா உள்ளே தனியாகக் கிடந்தாள். அவள் கத்தியது வராந்தாவரை கேட்டது. அதற்கு உள்ளிருந்து ஒருவர் சொன்ன பதிலும் கேட்டது. அந்த வாக்கியத்தை இங்கே எழுத மாட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற நிறையப் பெண்களுக்கு அது என்ன வாக்கியம் என்று தெரியும். அவர்கள் தங்கள் புருஷனிடம்கூட அதைச் சொல்வதில்லை.

விடிகாலை நாலு மணிக்குக் குழந்தை பிறந்தது. எடை 2.1 கிலோ. முதலில் அழவில்லை. அன்று பணியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ், ஒரே ஒருவர், முதுகைத் தேய்த்து அழ வைத்தாராம். அந்த நேரம் அவர் பார்ப்பில் வலியோடு மூன்று பெண்கள், பக்கத்து வார்டில் பிள்ளை பெற்றவர்கள் பதினோரு பேர். அவர் எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. என் கோபம் அவர்மேல் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குழந்தையைத் துடைத்து, சுற்றி, எங்களிடம் "காட்டி", திரும்ப உள்ளே கொண்டுபோய், அக்காவின் கைக்குக் கொடுக்கும்போது மணி ஆறைத் தாண்டிவிட்டது. ஏழு மணிக்கு டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார். உடம்பு ஜில்லென்று இருந்தது, பால் குடிக்கவில்லை. உடனே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் குழந்தையோடு போனது நானும் அம்மாவும். அக்கா இங்கே, அவள் பெற்ற பிள்ளை 40 கிலோமீட்டர் தள்ளி அங்கே. மறுநாள் சாயங்காலம்தான் அக்கா அங்கே வந்து சேர்ந்தாள். ஆறாவது நாள் பாப்பாவோடு வீடு திரும்பினோம். இப்போது எட்டு மாதம் ஆகிறது, என் செல்போனைப் பிடுங்கி வாயில் வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

அந்த இரண்டு மணி நேரத்தால்தான் உடம்பு குளிர்ந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. எடை குறைவான குழந்தை வேறு காரணத்தாலும் சோர்ந்து போகலாம். ஆனால் அந்த நேரத்தில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று பிறகு தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கத்தான் எரிச்சல் அதிகமானது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்

அரசு ஆஸ்பத்திரி என்றாலே மட்டம் தட்டுவது ஒரு ஃபேஷன். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. 2018-20 கணக்குப்படி இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அது 54. 2020-ல் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. ராத்திரியிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியர்கள், பிக்மி எண் என்று பல பேருடைய உழைப்பு இதில் இருக்கிறது.

இதில் முக்கியமான ஒன்று, ஒரு கணக்கு நோட்டு. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அதைப் பதிவு செய்து, எங்கே தாமதம், யார் தவறு என்று உட்கார்ந்து விசாரிக்கும் முறையைத் தமிழ்நாடு 1994 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. மற்ற பல மாநிலங்கள் அப்போது அதை யோசிக்கவே இல்லை. சாவை எண்ணினார்கள், சாவு குறைந்தது. எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் சொல்வார், "எழுதுன கணக்குதாண்டா திருந்தும்" என்று.

அப்படியானால் எழுதாத கணக்கு?

என் வாதமே அதுதான். நம் ஆஸ்பத்திரிகள் எத்தனை பிரசவம், எத்தனை சிசேரியன், எத்தனை மரணம் என்று எழுதுகின்றன. அந்தப் பெண் எத்தனை மணி நேரம் தனியாகக் கிடந்தாள் என்று எழுதுவதில்லை. குழந்தை எத்தனை நிமிஷத்தில் தாயின் மேல் வைக்கப்பட்டது, கதவில் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்றும் எழுதுவதில்லை. எழுதாததால் அது நடக்கவில்லை என்றே ஆகிவிடுகிறது. இத்தனைக்கும் இங்கே விட்டுப் போகிற விஷயங்கள் பெரும்பாலும் காசே இல்லாதவை, அல்லது மிக மலிவானவை.

மலிவான நான்கு விஷயங்கள்

ஒன்று, துணைக்கு ஒரு ஆள். தமிழ்நாட்டில் பிரசவத் துணைத் திட்டம் 2004-ல் வந்தது. மத்திய அரசும் 2016-ல் அனுமதித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் ஒவ்வொரு பெண்ணுக்கும் துணை வேண்டும் என்று பரிந்துரைத்தது. இது ஏதோ அனுதாபத்துக்காகச் சொன்னதும் இல்லை. 15,000-க்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வந்த கோக்ரேன் தொகுப்பு, கூடவே ஆள் இருந்து தைரியம் சொன்னால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் கொஞ்சம் குறைகிறது என்கிறது. செலவு? கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை, உட்கார ஒரு ஸ்டூல்.

இரண்டு, முதல் ஒரு மணி நேரம். பிறந்த குழந்தை தாயின் வயிற்றில் 37 டிகிரி சூட்டில் இருந்து வருகிறது. ஈரத்தோடு வெளியே வந்ததும் சூடு மளமளவென்று இறங்கும். நன்றாகத் துடைத்து, தாயின் வெறும் மார்பில் படுக்க வைத்து, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்தி, தலைக்கு ஒரு குல்லா போட்டால் அந்தச் சூடு தங்கும், பாலும் சீக்கிரம் குடிக்கும். இதற்கு மின்சாரம் வேண்டாம், வார்மர் ரிப்பேர் என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஆனால் நிலைமை என்ன? 2019-21 கணக்கெடுப்பில் இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 41.8 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் டாக்டரும் நர்ஸும் இருக்கிற கட்டடத்துக்குள்ளேயே முதல் பாலைத் தவறவிடுகிறார்கள்! அதில் சில நிமிஷங்கள் "காட்டி" காசு வாங்கவும் போகிறது என்பது வராந்தாவில் நின்ற என் சாட்சியம்.

மூன்று, கங்காரு முறை. 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய ஓர் ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற டாக்டர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டி வளர்க்கச் சொன்னார். ஏழை ஆஸ்பத்திரியின் வைத்தியம் என்று அதைப் பலர் ஓரமாக வைத்தார்கள். 2021-ல் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்க மருத்துவமனைகளும் சேர்ந்து செய்த ஆய்வு வெளியானது. 1 முதல் 1.8 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கு, உடல் தேறும்வரை காத்திராமல், பிறந்த உடனே கங்காரு முறையைத் தொடங்கினால் முதல் 28 நாளில் மரணம் கால்வாசி குறைகிறது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். எங்கள் பாப்பாவின் எடை அதைவிடக் கூடுதல்தான். ஆனால் அந்த ஆய்வு சொல்லும் பாடம் ஒன்றே: தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளும் தாய்க்கு ஒரு கட்டில் வேண்டும். குழந்தையை ஓர் ஊருக்கும் தாயை இன்னோர் ஊருக்கும் பிரித்துப் போடக்கூடாது.

நான்கு, ரத்தத்தை அளப்பது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்குதான் தாயைக் கொல்லும் பெரிய எதிரி. எவ்வளவு போனது என்று கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வதுதான் நடைமுறை. அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்கு அடியில் வைத்தால் மில்லியில் தெரிந்துவிடும். அப்படி ஒரு விரிப்பை நம் கர்நாடகத்தின் பெல்காமில்தான் உருவாக்கி ஆய்வுகளில் பயன்படுத்தினார்கள். 2023-ல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் சோதித்தார்கள். விரிப்பால் அளந்து, அதிகமானால் மசாஜ், மருந்து, டிரிப்ஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கியபோது கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. மருந்துகள் பழையவைதான். அளந்து பார்த்து உடனே கொடுத்தது ஒன்றுதான் புதுசு. மறுபடியும் கணக்கு!

ஏன் நடப்பதில்லை?

என் பாடப் புத்தகத்தில் மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டு உண்டு. கட்டடமும் ஸ்கேன் மெஷினும் முதல் வகை. அதற்கு டெண்டர் உண்டு, கல்வெட்டு உண்டு, ரிப்பன் வெட்ட ஆள் உண்டு. மாதா மாதம் சம்பளம் வாங்குகிற ஒரு கூடுதல் நர்ஸ் இரண்டாம் வகை. அவருக்குக் கல்வெட்டு கிடையாது. தாயின் மார்பில் குழந்தையை வைப்பது எந்த வகையிலும் வராது. அதில் வாங்க ஒன்றுமில்லை, திறந்து வைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் புதுப் பிரசவ பிளாக் வந்தாலும் பழைய கதவுதான், பழைய ஐந்நூறுதான்.

நர்ஸ் விஷயத்தில் அரசாங்கத்தின் லட்சணம் ஊருக்கே தெரியும். 2015-ல் ஆயிரக்கணக்கான நர்ஸ்களைத் தேர்வு வைத்து எடுத்தார்கள், தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். ஆகவில்லை என்று 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. மூன்று பிரசவத்தையும் பதினோரு பேரையும் ஒற்றையாளாகப் பார்க்கிறவரிடம் "அன்பாகப் பேசுங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்புவது கேலிக்கூத்து.

நீங்கள் கேட்கப் போகும் கேள்விகள்

"கூட்டமான வார்டில் துணைக்கு ஆள் விட்டால் கிருமி வரும், மற்ற பெண்களுக்குக் கூச்சம்." திரை போடுங்கள், கை கழுவ வையுங்கள், சுத்தமான மேலங்கி கொடுங்கள். பெண் துணைதானே கேட்கிறோம். செக்யூரிட்டியும் வீல் சேர்க்காரரும் செருப்போடு போய் வரும்போது வராத கிருமி எங்கள் அம்மாவோடு மட்டும் வந்துவிடுமா?

"பேசாமல் தனியாருக்குப் போக வேண்டியதுதானே?" 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தனியாரில் நடக்கும் பிரசவத்தில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசில் 36. ஆக, தனியாரில் நமக்குக் காத்திருப்பது வேறு மாதிரிக் கணக்கு. அதோடு, எங்கள் அத்தான் லோடு வேன் டிரைவர். போகச் சொல்வது சுலபம்.

"சந்தோஷமா குடுக்கிறதை லஞ்சம்னு சொல்லலாமா?" சந்தோஷமாகக் கொடுப்பதற்கு விலைப்பட்டியல் இருக்காது. ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று இருந்தால் அதற்குப் பெயர் கட்டணம். 2011 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி பிரசவம், சிசேரியன், மருந்து, பஞ்சு, கையுறை, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பும் வண்டி எல்லாமே இலவசம். "அதான் பதினெட்டாயிரம் வாங்குறீங்கல்ல" என்று அந்த அம்மாள் ஒரு நியாயமும் சொன்னார். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு தரும் மகப்பேறு உதவி கர்ப்பிணி சத்தாகச் சாப்பிடுவதற்கு. கதவில் நிற்பவர் பங்கு கேட்பதற்கு இல்லை.

அந்த ஆயாவும் வீல் சேர்க்காரரும் பணக்காரர்களா என்றால், இல்லை. பல இடங்களில் காண்டிராக்ட் கூலிக்கு வேலை பார்ப்பவர்கள்தான். அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்காமல், அந்தப் பாக்கியை வலியில் இருக்கும் பெண்ணின் வீட்டாரிடம் வசூலிக்க விடுவதும் அரசாங்கம் செய்கிற ஒரு சிக்கனம்தான். அந்தச் சிக்கனத்துக்குத்தான் நாம் பணம் கட்டுகிறோம்.

என்ன செய்யலாம்?

புதுக் கட்டடம் வேண்டாம். எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் இருக்கிற பிரசவப் பதிவேட்டில் ஐந்து கட்டம் கூடுதலாகப் போடுங்கள்.

1. உடன் இருந்த துணையின் உறவுமுறை. யாரும் இல்லையென்றால் ஏன் இல்லை.
2. குழந்தை தாயின் மார்பில் வைக்கப்பட்ட நேரம், முதல் பால் கொடுத்த நேரம்.
3. ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தையின் உடல் சூடு.
4. அளந்த ரத்தப்போக்கு, மில்லியில்.
5. அந்த ஷிஃப்டில் எத்தனை நர்ஸ், எத்தனை பிரசவம்.

டிஸ்சார்ஜ் ஆகிப் போன பத்து நாள் கழித்து, ஆஸ்பத்திரியைச் சேராத ஒருவர் அந்தத் தாய்க்கு போன் செய்து, "யாராவது காசு கேட்டார்களா? யாராவது திட்டினார்களா?" என்று இரண்டே கேள்வி கேட்கட்டும். மாதம் ஒரு முறை இந்தக் கணக்கை ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டுங்கள். சாவை விசாரித்தது போலவே இதையும் உட்கார்ந்து விசாரியுங்கள். மூன்று மாதத்தில் அந்தக் கதவு திறக்கிறதா இல்லையா என்று பார்ப்போம்.

நம் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பெண்ணை அழைத்துப் போகும்போது, துணைக்கு உள்ளே போகப் போவது அம்மாவா அத்தையா என்று முன்கூட்டியே முடிவு செய்து, மாதாந்திரப் பரிசோதனையின்போதே சிஸ்டரிடம் கேட்டு வைத்துவிடுங்கள். காசு கேட்டால் 104-க்கு அழைத்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் தைரியம் வராவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகாவது சொல்லுங்கள். நான் ஒன்பதாவது நாள்தான் அழைத்தேன். புகார் எண் கொடுத்தார்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பி.கு: அந்த ஓ.பி. சீட்டை அம்மா குப்பையில் போடப் பார்த்தார். வாங்கிப் பாப்பாவின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்துவிட்டேன். ஐந்தாவது வரியில் 500 என்று எழுதியிருப்பதை என்றைக்காவது அவள் பார்த்து, "இது என்ன மாமா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.